ஒழுக்கமுள்ளவரை அணுகாது

மகளுக்குக் காய்ச்சல் என்றால் இன்றைக்கும் நான் முதலில் அவளுடைய கழுத்தைத் தடவிப் பார்ப்பேன், நெறி கட்டியிருக்கிறதா என்று. அவள் இப்போது வேலைக்குப் போகிறவள். "அம்மா, இது வெறும் சளித் தடிமன்" என்று என் கையைத் தட்டிவிடுவாள். எது வெறும் தடிமன், எது இல்லை என்று தீர்மானிக்கிற தைரியம் எனக்கு அந்த ஒரு வருடத்தோடு போய்விட்டது.

யுத்த காலம். நான் மட்டக்களப்பு நகரில் ஒரு சுகாதாரப் பணிமனையில் இலிகிதராக இருந்தேன். எயிட்ஸ் தடுப்புக்கென்று கொழும்பிலிருந்து ஒரு சிறு ஒதுக்கீடு வருவதுண்டு. அந்த வருடம் அது வந்து சேரும்போது கார்த்திகை மழை தொடங்கிவிட்டது. எங்கள் அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ரெண்டு வழி இரிக்கி. ரத்த வங்கியில எச்.ஐ.வி. பாக்கிற கிட் கேக்கிறாங்க. அதுக்குப் பாதுகாப்பு அமைச்சிட அனுமதி வேணும். ஒவ்வொரு ஆமி சென்றியிலயும் இறக்கி என்ன மருந்து, ஆருக்கு எண்டு கேப்பானுகள். டிசம்பர் முடியிறதுக்குள்ள வந்து சேராது. செலவழியாட்டி காசு திரும்பிப் போயிரும். மற்றது, போஸ்டர்."

நான் யோசிக்கவே இல்லை. "போஸ்டர் அடிப்பம் சேர்" என்றேன். ஒதுக்கீடு திரும்பிப் போனால் அடுத்த வருடம் கேட்க முகமிருக்காது என்பதுதான் அப்போது எனக்குத் தெரிந்த நியாயம்.

வாசகத்தையும் நானே எழுதினேன். கொழும்புச் சுற்றறிக்கையில் நோய் பரவும் வழிகள் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் இருந்தன: உடலுறவு, ஊசி, இரத்தம், தாயிடமிருந்து பிள்ளைக்கு. இவற்றைக் கோயில் மதிலிலும் பள்ளிக்கூட வாசலிலும் எப்படி ஒட்டுவது? எல்லாவற்றையும் அள்ளி ஒரே வரிக்குள் போட்டேன். "ஒழுக்கமுள்ளவரை எயிட்ஸ் அணுகாது." அதிகாரி இரண்டு தரம் வாசித்துவிட்டு, "ரத்தினச் சுருக்கம்" என்றார். அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

மாசியில் ஒரு பின்னேரம், டியூஷன் முடிந்து நாவற்குடாவில் எங்கள் ஒழுங்கைக்குள் மகள் சைக்கிளைத் திருப்பும்போது எங்கிருந்தோ வந்த பீரங்கிச் செல் ஒன்று சந்திக் கடையடியில் விழுந்தது. அவளுக்குப் பதினொரு வயது. செல் துண்டு தொடையைக் கிழித்திருந்தது. அயலவர்கள் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி ஆசுபத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். என் கணவருக்குத் திருகோணமலையில் வேலை. சண்டையால் பாதை பூட்டிக் கிடந்தது.

மகளுடையது ஓ நெகட்டிவ். வங்கியில் இல்லை. காயம்பட்ட இன்னொருவரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்த ஒரு மனிதர், நெல் மில் ஒன்றில் கூலி வேலை செய்பவர், "எனக்கும் அதே குறூப்தான். கொழும்பில வேல செய்யக்குள்ளயும் குடுத்திரிக்கன்" என்று சேர்ட் கையை மடித்துக்கொண்டு முன்னுக்கு வந்தார். வார்டிலிருந்த இளம் டொக்டர் ஒரு தாளை என்னிடம் நீட்டினார்.

"எச்.ஐ.வி. பாக்கிற கிட் போன கிழமையோட முடிஞ்சிது. அத மட்டும் சோதிக்காமத்தான் ஏத்த வேணும். கையெழுத்துப் போடுங்க அம்மா."

"ஏன் டொக்டர் கிட் இல்ல?"

"காசு போஸ்டருக்குப் போயிட்டுதாம்" என்றார், நான் யாரென்று தெரியாமல்.

கையெழுத்துப் போட்டேன். மகள் பிழைத்தாள்.

வீட்டுக்கு விடுகிற அன்று டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மகளின் இரத்தத்தில் சரியாகத் தெரிய மூன்று மாதம் ஆகும் என்றார். அதுவரை பொறுக்க முடியாவிட்டால் இரத்தம் கொடுத்தவரைச் சோதிக்கலாம். அவர் சம்மதித்தால் மாதிரியைக் கொழும்புக்கு அனுப்பித் தருவதாகச் சொன்னார்.

நான் பொறுத்திருக்கத்தான் நினைத்தேன். மூன்றாம் கிழமை மகளுக்கு ஒரு கடைவாய்ப் பால்பல் விழுந்தது. வாயில் இரத்தத்தோடு ஓடிவந்து பல்லை என் கையில் வைக்க நீட்டினாள். என் கை பின்னுக்குப் போனது. நானாக இழுக்கவில்லை, அது தானாகப் போனது.

"ஏனம்மா, அரியண்டமா? அருவருக்குதா?" என்று கேட்டாள்.

அடுத்த நாளே, பார்க்க எனக்கு உரிமையில்லாத இரத்த வங்கிப் பதிவுப் புத்தகத்தில் அந்த மனிதரின் விலாசத்தை எடுத்தேன். களுவாஞ்சிக்குடிக்கும் அப்பால் ஒரு ஊர். சனிக்கிழமை காலை பஸ் ஏறி, சென்றிக்குச் சென்றி இறங்கி நடந்து, பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். அவர் வீட்டுக்கு முன்னாலிருந்த கூட்டுறவுச் சங்கக் கடைச் சுவரில் என் போஸ்டர் ஒட்டியிருந்தது. நான் அதைப் பார்க்காதது போல் கடந்தேன்.

அவர் என்னை உடனே அடையாளம் கண்டு, உள்ளே மனைவியைக் கூப்பிட்டார். "இஞ்ச வாகா, நான் ரத்தம் குடுத்த புள்ளட அம்மா வந்திரிக்கா!"

மனைவி மா பிசைந்த கையோடு வந்தாள். "புள்ள நடக்குதா அக்கா?"

"ஓம், நொண்டி நொண்டி நடக்கிறா."

"பயப்படாதீங்க" என்று அவர் சிரித்தார். "என்ட ரத்தம்தானே அவட உடம்பில ஓடுது. ரெண்டு மாசத்தால மில்லுக்கு அனுப்புங்க, மூட்டை தூக்குவா."

"இவரு ஒரு மூட்டை தூக்கிட்டு ஒம்பது தரம் தண்ணி குடிக்கிற ஆள், அக்கா" என்றாள் மனைவி.

பால் விடாத பிளேன்டீ வந்தது. குடித்து முடித்தேன். பிறகு, ஒரு இரத்தச் சோதனை செய்ய வேண்டும் என்றேன். என்ன நோய்க்கு என்று அவர் கேட்டார். சொன்னேன்.

மனைவி எழுந்து வாசலுக்குப் போய்க் கடைச் சுவரைப் பார்த்தாள். எழுத்துக் கூட்டி, உரத்து வாசித்தாள். பிறகு புருசன் பக்கம் திரும்பினாள்.

"கொழும்பில மூணு வருசம் இருந்தீங்கதானே?"

"அடியே, நான் அங்க மூட்டை தூக்கினன்!"

"தங்கச்சி, அப்படி இல்ல" என்று நான் அவசரப்பட்டேன். "ஊசியால வரும், ரத்தத்தால வரும். இவர்ல ஒரு குறையும் இல்ல."

"அப்ப அதில ஏன் அப்படிப் போடல்ல? ஒழுக்கமான ஆளுக்கு வராதெண்டுதானே போட்டுக் கிடக்கு? வராதெண்டா நீங்க ஏன் இவ்வளவு தூரம் வந்தீங்க?"

அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "போயிருங்க அம்மா. நான் ரத்தம் மட்டும்தான் தந்தன்."

அதை எழுதியது நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பஸ்ஸைப் பிடித்தேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கிடைப்பது. ஆண் அங்கே வாழ வந்தவன். அந்தப் பெண் அவருடைய உடுப்புப் பையை வேலிக்கு வெளியே வைத்துவிட்டாள் என்றும், அவர் மில்லில்தான் படுக்கிறார் என்றும் பிரசவம் பார்க்கும் அந்த ஊர் மருத்துவமாது பணிமனைக்கு வந்தபோது சொன்னாள், ஊர்க் கதையாக. ராணுவத்திடம் கொடுத்த குடும்பப் பதிவில் பெயர் உள்ள ஆண் வீட்டில் இல்லாமல் வேறிடத்தில் படுத்திருந்தால், சுற்றிவளைப்பில் அவனைச் சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு எனக்கு மகளும் அவருமாகப் பயப்பட இரண்டு பேர் இருந்தார்கள்.

மூன்று மாதம் முடிந்தது. மகளின் முதல் மாதிரி பாதை பூட்டியதால் வழியில் பழுதானது. இரண்டாவது போய்ச் சேர்ந்தது. பதில் வரும்வரை நான் அவளுக்குத் தலை வாரினேன், சோறு ஊட்டினேன், ஒவ்வொரு முறையும் கை பின்னுக்குப் போகாமல் பிடித்துக்கொண்டு. பதிலில் "இல்லை" என்றிருந்தது. பணிமனைக் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

பிறகு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மறுபடி அந்த ஊருக்குப் போனேன். மகளுக்கு இல்லையென்றால் அவருக்கும் இல்லை; அதைச் சொன்னால் போதும் என்று நினைத்தேன். அந்தப் பெண் வேலிப் படலையில் நின்றபடியே தாளை வாங்கிப் பார்த்தாள்.

"இதில உங்கட மகள்ட பேருதானே இரிக்கி? உங்கட புள்ளைக்கு இல்ல, நல்லம். என்ட மனுசனுக்கு இல்லையெண்டு எங்க எழுதிக் கிடக்கு?"

"அவர் ரத்தம் குடுத்தா அதுவும் எழுதி வரும்."

"இனி அவர் ஆருக்கும் ரத்தம் குடுக்க மாட்டார்."

அப்போதுதான் சொன்னேன். "தங்கச்சி, அந்தப் போஸ்டர எழுதினது நான்தான். பிழையா எழுதிட்டன்."

திட்டுவாள் என்று நின்றேன். அவள் உள்ளே போய் ஒரு வாளி தண்ணீரும் ஒரு தேங்காய்ச் சிரட்டையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"அப்ப நீங்களே சுரண்டிட்டுப் போங்க."

நடுப்பகல். சங்கக் கடையில் சாமான் வாங்க நின்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "அரசாங்கத்துப் போஸ்டர், பிரச்சினை வரும் அம்மா" என்றார் கடை மனேஜர். நான் சுரண்டினேன். நல்ல பசை. சேலை முந்தானையெல்லாம் நனைந்தது, நகம் ஒன்று பிய்ந்தது. எயிட்ஸ் போனது, அணுகாது போனது. ஒழுக்கம் என்ற சொல் மட்டும் பெரிய எழுத்தில் இருந்ததால் கடைசிவரை முழுதாக உரிந்து வரவில்லை. அந்தப் பெண் படலையில் கைவைத்து நின்று ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி பஸ்ஸுக்கு நேரமானது. அடுத்த கிழமை அந்தப் பாதையும் பூட்டிவிட்டது. அவர் மில்லிலிருந்து வீட்டுக்குத் திரும்பினாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.