விற்காத தையல் மெஷின்

மஸ்கெலியாவில் தையல் கடை வைத்திருந்தேன். தோட்டத்துச் சனங்களுக்குத் தீபாவளித் துணியைக் கடனுக்கே தைத்துக் கொடுத்து, கடைசியில் என் கடனைக் கட்ட வழியில்லை, வங்குரோத்து என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தேன். வங்குரோத்தானால் ஊசிகூட மிஞ்சாது என்று ஊரே சொன்னது. அதனால் கோர்ட்டு அதிகாரி வருவதற்கு முன்பே, தேயிலைக் கொழுந்து பறிக்கும் லெச்சுமி அக்கா என் மெஷினைத் தன் கூடையில் வைத்து லயத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். வெறும் மேசையைப் பார்த்து, “மெஷின் எங்கை?” என்றார்.

“வித்துட்டேங்க.”

அவர் எழுதவில்லை, பேனாவை மூடினார்.

“தொழில் செய்யிற சாமானை நாங்கள் எடுக்கிறேல்லை. வித்ததெண்டால்தான் அந்தக் காசு எங்கையெண்டு கேப்பம். நான் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன். பிறகு திரும்பவும் கேக்கிறன்.”

லயத்துக்கு ஓடினேன்.

அவர் திரும்பியபோது மெஷின் மேசைமேல் இருந்தது. சக்கரத்தில் ஒட்டியிருந்த கொழுந்தை எடுத்துப் போட்டுவிட்டு, தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். தோள் பக்கம் தையல் விட்டிருந்தது. தைத்துக் கொடுத்ததும் ஐம்பது சதத்தை நீட்டினார்.

“காசு வேணாங்க.”

“பிடியுங்கோ. காசு வேண்டாமெண்டுதானே உங்கடை கடை முறிஞ்சது?”

எல்லாம் போய்விட்டது என்று நான் நம்பியிருந்த அன்றைக்கு, என் சொத்தைக் கணக்கெடுக்க வந்த மனிதர்தான் முதல் வாடிக்கையாளராகக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.