பனியனில் ஏறிய வரையாடு

எங்கள் ஊரின் பெயரைச் சுருக்கிச் சொன்னால் அது பெண்பிள்ளைகளை விரட்டுகிற சொல்லாகிவிடும். போடிநாயக்கனூர் என்று நீட்டி முழக்க யாருக்கும் பொழுதில்லை. பஸ்சிலும் சந்தையிலும் ஏலக்காய் மூட்டையிலும் போடிதான். ஊருக்குள் இருக்கிறவரை அது யார் காதையும் உறுத்தியதில்லை. சித்தப்பா அதைப் பனியனில் எழுதிக்கொண்டு வெளியூருக்கு வாலிபால் ஆடப் போனபோதுதான் வினை வந்தது.

சித்தப்பா, அப்பாவின் கடைசித் தம்பி. ஏலக்காய் மூட்டைகளை அடுக்கிவைக்கிற கிட்டங்கியில் வேலை. எங்கள் தெரு வாலிபால் அணிக்கு அவர்தான் கேப்டன். மூட்டைக்குக் குறி போடுகிற கறுப்பு மையைத் தொட்டு, எல்லோருடைய நெஞ்சிலும் போடி என்று அவரே எழுதியிருந்தார். கிழக்கே ஓர் ஊர். பெயர் வேண்டாம், அங்கே இப்போது எங்களுக்குச் சம்பந்திகள் இருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் பனியனைப் படித்ததும் மைதானமே கைகொட்டி, "போடி! போடி!" என்று பாடியிருக்கிறது. நம் ஆட்கள் வலைக்கு மேலே எம்பி அடித்தால், "மலையாட்டுப் பயலுக துள்றாங்கடா" என்று அதற்கு வேறு சிரிப்பு. தோற்றுத் திரும்பிய சித்தப்பா இரண்டு நாள் வாசல் பக்கமே வரவில்லை.

அடுத்த வருஷப் போட்டி நெருங்கியபோது அணி முழுவதும் எங்கள் வீட்டு முற்றத்தில் கூடியது. ஊர்ப் பேரை எடுத்துவிடலாம் என்றார் ஒருவர். முழுப் பேரையும் எழுதலாம் என்றார் இன்னொருவர். அதற்கு நெஞ்சு போதாது, முதுகுக்கும் போய்ச் சுற்றிவர வேண்டும். இங்கிலீஷில் எழுதினால் யாருக்கும் புரியாது என்று ஒரு யோசனை. சித்தப்பா அசையவில்லை.

"ஊர்ப் பேரு இருக்கும். தமிழ்லதான் இருக்கும். கூட ஒரு சின்னம் வேணும்ப்பா. பாத்தவன் வாயடைச்சு நிக்கணும்."

புலி போடலாமா என்றார்கள். புலி இல்லாத அணி எது? ஏலக்காய் போடலாம் என்று ஒருவர் சொல்ல, பாயசக் கடை என்று நினைத்துக்கொள்வார்கள் என்று அதையும் தள்ளினார்கள். அப்போது அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"ஆடுன்னுதான சொன்னாங்க? ஆட்டையே போடுங்க. பட்டியில அடைக்கிற ஆடில்ல. வரையாடு."

முற்றத்தில் எல்லோரும் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். வெளி ஆம்பிளைகள் இருக்கும்போது அக்கா பேசுவது வழக்கமில்லை. அம்மா அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டதே. நமக்கு மேலே, பாறைச் சரிவில் யாரும் ஏற முடியாத இடத்தில் நிற்கிற ஆடு. கேலி செய்தவன் வாயிலிருந்தே எடுத்த பேர். சித்தப்பா தொடையில் தட்டி, "அதான்டா நாம" என்றார்.

அக்கா வயசுக்கு வந்ததுமே படிப்பை நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தது பூத்தையல் ஒன்றைத்தான். சின்னத்தை அவளே நூலால் போட்டுத் தருவதாக முடிவானது. முதல் பனியனை முடித்துக் காட்டினாள். சித்தப்பா நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு ஆத்தா. ஆனா, கறிக்கடை போர்டு மாதிரி இருக்கு."

அக்கா கோபப்படவில்லை. ஊசி முனையால் ஒவ்வொரு தையலாக நெம்பி, மொத்த ஆட்டையும் பிரித்தெடுத்தாள். "பாக்காத ஒண்ண எப்படிப் போடுறது?" என்றாள். மறுநாள் காலையில் அப்பாவுக்குக் காபி கொடுக்கும்போது, "குரங்கணிக்கு எப்பப்பா போகலாம்?" என்று கேட்டாள்.

குரங்கணியில் எங்கள் பெரியம்மா வீடு. மலை அங்கிருந்துதான் செங்குத்தாக ஏறும்.

"ஆட்டப் பாக்க மலைக்கா? போயி சோலியப் பாரு" என்றார் அப்பா.

அவள் எதிர்த்துப் பேசவில்லை. அடுத்த நாள் காபியோடு அதே கேள்வி, அதே குரலில். அதற்கடுத்த நாளும். அழுகை இல்லை, பட்டினி இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும் இல்லை. காபி ஆறுவதற்குள் ஒரு தடவை கேட்பாள், பதிலை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். அப்பா வெளியே எங்காவது காபி குடித்துப் பார்த்தார். அது அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில், "பெரியம்மாவுக்கு மேலுக்குச் சரியில்லையாம், பாத்துட்டு வாங்க" என்று, பெரியம்மாவுக்கே தெரியாத ஒரு காய்ச்சலை அவள் தலையில் கட்டி எங்களை அனுப்பினார். துணைக்கு நான்.

பெரியப்பா விடியற்காலையில் எங்களைக் காப்பித் தோட்டம் வழியாக மேலே கூட்டிப்போனார். முதல் நாள் மஞ்சு இறங்கி மலையையே வெள்ளைப் புகையாக மூடியது. என் காலில் அட்டை ஏறியதைத் தவிர எதையும் பார்க்கவில்லை. மறுநாளும் அப்படித்தான். "இதுக வீட்டுக்கு வான்னா வருமா ஆத்தா? கெளம்புவோம்" என்றார் பெரியப்பா. அக்கா ஒரு கல்லில் உட்கார்ந்து முக்காட்டை இறுக்கிக்கொண்டாள். "இன்னுங் கொஞ்சம் பெரியப்பா" என்றாள். எனக்கு ஒரே குளிர். அழப் போவதாகச் சொல்லிப் பார்த்தேன். "சத்தமில்லாம அழு" என்றாள்.

மஞ்சு திடீரென்று விலகியது. எதிர்ப் பாறையில், ஓர் ஆள் உள்ளங்கையைக்கூட வைக்க முடியாத விளிம்பில், அது நின்றது. கருத்த உடம்பு. முதுகில் மட்டும் வெளுப்பு, பின்னால் வளைந்த கொம்பு. நான்கு குளம்பையும் ஒரே இடத்தில் குவித்து எங்களைக் கீழ்நோக்கிப் பார்த்தது. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல அடுத்த விளிம்புக்குத் தாவி மறைந்தது. நான் கொம்பு கொம்பு என்று குதித்தேன். அக்கா மூச்சை விட்டு, "கொம்பில்லடி. கால்ல இருக்கு விஷயம்" என்றாள்.

வீட்டுக்கு வந்து அவள் போட்ட சின்னம் இன்றும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. போடி என்ற எழுத்துகளைப் பாறைபோலக் கனமாகச் சாம்பல் நூலில் நிரப்பினாள். எந்த எழுத்தை இழுத்து இழுத்துக் கேலி செய்தார்களோ, அந்த 'டி'யின் மேல்வளைவை மலைமுடியாக உயர்த்தினாள். அதன் உச்சியில், நான்கு காலையும் குவித்து, வரையாடு. ஊர்ப் பேரை எடுத்துவிட்டால் ஆட்டுக்கு நிற்க இடமில்லை. ஆட்டை எடுத்துவிட்டால் ஊர் மறுபடியும் வெறும் வசவாகிவிடும். சித்தப்பா பனியனை வாங்கி அங்கேயே போட்டுக்கொண்டார்.

பிறகு அக்கா காபியோடு புதுக் கேள்வியைத் தொடங்கினாள். "ஆட்டத்துல நூலு பிரிஞ்சா யாருப்பா தைக்கிறது?" அப்பா இந்தத் தடவை சீக்கிரமே தோற்றார். அம்மாவும் கூடவே போக வேண்டும் என்பது நிபந்தனை. கிட்டங்கி லாரியில் காலிச் சாக்குகளை விரித்து ஆட்களும் நாங்களுமாகப் போனோம்.

அதே ஊர், அதே மைதானத்தில் இறங்கியதுமே, "போடி! போடி!" என்று ஆரம்பித்துவிட்டார்கள். முதல் ஆட்டம் நம் கையைவிட்டுப் போனது. இரண்டாவதில், எங்கள் தெருவில் குடியிருந்த குரங்கணிக்கார அண்ணன் ஒருவர் எம்பி அடித்து இறங்கும்போது, வலைக் கம்பத்து ஆணி பனியனைக் கிழித்து, சின்னம் பாதி தொங்கியது. அக்கா எழுந்தாள். அம்மா பிடிப்பதற்குள், அத்தனை ஆம்பிளைகளுக்கும் நடுவே நடந்து, கோட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பனியனைக் கழற்றி வாங்கி மடியில் விரித்துத் தைக்கத் தொடங்கினாள். நடுவர் விசிலை வாயில் வைத்தபடி காத்திருந்தார்.

கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான். "ஏய், போடி!"

அக்கா பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். பனியனை இரண்டு கையாலும் அவன் பக்கம் தூக்கிக் காட்டினாள்.

"ஆமா, போடிதான். எழுதித்தான இருக்கு? எழுத்துக் கூட்டிப் படிக்கிறியாக்கும்?"

சிரித்தது அந்த ஊர்க் கூட்டமேதான். கத்தியவனைப் பார்த்துச் சிரித்தது. சின்னப் பிள்ளைகள் கோடு வரைக்கும் ஓடிவந்து ஆட்டைப் பார்த்தார்கள். குரங்கணி அண்ணன் அடுத்துத் தாவியபோது எங்கிருந்தோ ஒரு குரல் "ஆடு!" என்றது. அது ஆட்டைச் சொன்னதா, ஆடச் சொன்னதா தெரியாது. மைதானம் முழுவதும் பிடித்துக்கொண்டது. "ஆடு! ஆடு!" அந்த ஆட்டத்தையும் ஜெயித்தோம், அடுத்ததையும் ஜெயித்தோம். மத்தியானம் வேறோர் அணியிடம் களைத்துப்போய்த் தோற்றதையும், கோப்பை அவர்களோடு போனதையும் எங்கள் தெருவில் யாரும் பேசுவதில்லை.

திரும்பும்போது வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. ஆட்கள் சாக்குகளின் மேல் தூங்கிப்போனார்கள். அக்கா மட்டும் லாரியின் முன்கம்பியைப் பிடித்து, காற்றுக்கு முகம் கொடுத்து நின்றாள். பின்னலெல்லாம் அவிழ்ந்து பறந்தது. எந்த நேரமும், "உக்காருடி, அடக்கமா இரு" என்று சொல்கிற அம்மா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அக்காவின் தாவணி நுனியை இரண்டு சுற்றாகக் கையில் சுற்றிக்கொண்டு, வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தை பிறந்ததும் அக்காவுக்குக் கல்யாணம் என்று அப்பா யாருக்கோ வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தது அம்மாவுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. லாரி குலுங்குகிறதே, விழுந்துவிடக் கூடாதென்றுதான் பிடித்திருக்கிறாள் என்று நினைத்து, நானும் அந்த நுனியை ஒரு கை பிடித்துக்கொண்டேன்.