முதல் நாள் சாயங்காலம் வந்த எடை விதி

இந்தப் பந்தயத்தைக் கொன்றது நீங்கள்தான், தலைவரே. மழை கொல்லவில்லை. வருஷா வருஷம் ஜெயித்த வொர்க்‌ஷாப்காரரும் கொல்லவில்லை. நீங்கள் கொன்றீர்கள்.

நான் கியா பார்ம் சந்தையில் கடை போட்டு ஸ்ட்ராபெரியும் காய்கறியும் விற்கிறவள். நயமாக எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப் பந்தயம் நடக்கும். தேயிலை ஆலையிலிருந்து மலை உச்சிக்குப் போகும் மண் ரோட்டில் ஒவ்வொரு ஜீப்பாக ஏறும். யார் சீக்கிரம் மேலே போகிறாரோ அவருக்கு வெற்றி. பழைய ஜீப்பாக இருக்க வேண்டும், ஓட்டுகிறவர் பெல்ட் கட்ட வேண்டும். ஆரம்பத்தில் இருந்த விதி அவ்வளவுதான். காய்கறி ஏற்றும் ஜீப்பைச் சனிக்கிழமை கழுவி ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருவார்கள். பின்னால் கோஸ் இலை ஒட்டிக்கொண்டிருக்கும்.

என் தம்பி தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டினான். அந்த ரோட்டின் ஒவ்வொரு வளைவும் அவனுக்குத் தெரியும். இரண்டு தடவை ஜெயித்தான். அப்புறம் பிரிஞ்சாங் டவுனிலிருந்து வொர்க்‌ஷாப்காரர் மூன்று ஜீப்போடு வந்தார். நல்ல டயர், நல்ல எஞ்சின், ஒரே நிறச் சட்டை போட்ட ஆட்கள். அதற்குப் பிறகு அவர்கள்தான் முதல், அவர்கள்தான் இரண்டாவது. தம்பி மூன்றாவதாக வருவான்.

அந்த ஆள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் உழைத்தார், செலவு செய்தார், ஜெயித்தார். நம்மைவிட வேகமானவனிடம் தோற்றால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கலாம். தம்பியும் அப்படித்தான் தூங்கினான். மறுநாள் எஞ்சினைப் பிரித்து, எங்கே பிந்தினோம் என்று பார்த்தான்.

ஆனால் யார் ஜெயிப்பார் என்று முன்பே தெரிந்துவிட்டதால் வேடிக்கை பார்க்க வரும் கூட்டம் குறைந்தது. உடனே பந்தயக் கமிட்டித் தலைவரான நீங்கள் மைக்கைப் பிடித்தீர்கள். போட்டியைச் சமமாக்கப் போகிறேன் என்றீர்கள். முதலில் எல்லாரும் ஒரே டயர்தான் போட வேண்டும் என்று விதி. வொர்க்‌ஷாப்காரர் அந்த டயரை அடுக்கடுக்காக வாங்கித் தேயத் தேய ஓட்டிப் பார்த்தார். நாங்கள் ஒரு ஜோடிக்கே திணறினோம். அடுத்த வருஷம் எஞ்சின் அளவுக்கு விதி. அவரிடம் வேறு எஞ்சின் தயாராக இருந்தது. எங்களிடம் இருந்தது ஒன்றுதான், அதையும் கழற்றி எறியச் சொன்னீர்கள். பெரியவனைக் கட்டிப்போடுகிறேன் என்று நீங்கள் வீசிய கயிறு ஒவ்வொரு தடவையும் சின்னவன் கழுத்தில்தான் விழுந்தது. வசதி உள்ளவன் புது விதிக்கு ஏற்றபடி ஒரே வாரத்தில் மாறிக்கொள்வான். இல்லாதவன் மாறி முடிப்பதற்குள் அடுத்த விதி வந்துவிடும்.

உலகம் முழுக்க நடக்கும் பெரிய கார் பந்தயங்களைத் தம்பி டிவியில் பார்ப்பான். "அங்கயும் இதே கததான்க்கா. ஒருத்தனே ஜெயிப்பான், உடனே ரூல மாத்துவாங்க. ஆனா அங்க முன்கூட்டியே சொல்லிடுவாங்கலா. நம்ம தலைவருக்குக் காலையில என்ன தோணுதோ அது ரூலு" என்பான். சிரித்துக்கொண்டுதான் சொல்வான். அப்போது சிரிப்பு இருந்தது.

போன வருஷப் பந்தயம் அவனுக்கு மற்ற வருஷங்களைப் போல இல்லை. ஈப்போ பக்கம் இருக்கும் பந்தயக் குழு ஒன்று, முதலில் வருகிறவனை ஓட்டுநராகச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. நிரந்தர வேலை. லோரி ஸ்டியரிங்கை விட்டுவிட்டுப் பந்தயக் கார் ஓட்டும் வேலை. அவன் வேறு எதற்கும் ஆசைப்பட்டவன் இல்லை. அந்த வருஷம் முழுக்க ஜீப்பின் பாரத்தைக் குறைத்தான். கூரையைக் கழற்றினான், பின் சீட்டைக் கழற்றினான். சோதனை ஓட்டத்தில் வொர்க்‌ஷாப் ஜீப்புகளைவிட வேகமாக ஏறினான். எல்லாரும் பார்த்தார்கள். நீங்களும் பார்த்தீர்கள்.

பந்தயத்துக்கு முதல் நாள் சாயங்காலம் போனில் உங்கள் செய்தி வந்தது. எல்லா ஜீப்புக்கும் குறைந்தபட்ச எடை உண்டு, எடை போதாதவர்கள் பின்னால் பாரம் கட்ட வேண்டும், ஓடி முடித்த பிறகும் எடை பார்ப்போம் என்று.

என் வீட்டுக்காரர் ஆலையில் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை செய்கிறார். தம்பி மணல் மூட்டை கட்டலாம் என்றான். அவர் கேட்கவில்லை.

"மணலு வேணாம் மாப்ள. வளைவுல ஒரு பக்கமா குந்திக்கும், வண்டிய இழுத்துட்டுப் போயிரும். கொழுந்து மூட்ட உனக்குக் கை பழகுன பாரம். நீ கண்ண மூடிட்டு ஓட்டலாம்."

"அதுவும் சரிதான் மச்சான்."

விடிந்ததும் கவ்வாத்து வெட்டிப் போட்டிருந்த இலையைக் கங்காணியிடம் கேட்டு வாங்கி, வலை மூட்டைகளில் திணித்து ஏற்றினோம். ராத்திரி மழையில் நனைந்த இலை. ஆலை எடை மேடையில் நிறுத்தினோம். எடை சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள்.

நான் கல்யாணத்துக்கு முன்னால் கொழுந்து எடுத்தவள். மழை நாளில் ஈரத்துக்கு என்று கங்காணி மூட்டைக்கு இத்தனை கிலோ கழிப்பார். அதற்காக அவரோடு வாய்ச் சண்டை போட்டிருக்கிறேன். இலையை வாட்டி அதன் தண்ணீரை எடுப்பதுதான் என் வீட்டுக்காரருக்குத் தினப்படி வேலை. வாடுகிற பொருளைப் பாரமாகக் கட்டிவிட்டு அதைப் பற்றி எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. கையில் இருந்தது இலை, நேரமும் இல்லை.

எங்கள் ஜீப்பைக் கடைசியாகத்தான் ஓட விட்டீர்கள். கூரை இல்லாத ஜீப், மத்தியானம் வரை வெயிலிலும் காற்றிலும் நின்றது. ஓடும் நேரம் வந்ததும் தம்பி ஏறினான். எல்லாரையும் முந்தினான். மலை உச்சியிலிருந்து நேரத்தைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து அழுதார்.

கீழே வந்து எடை மேடையில் நிறுத்தினார்கள். எடை குறைந்திருந்தது. இலை வாடிப் போன பாரம் ஒரு கைக்குழந்தையின் எடைகூட இருக்காது, ஆனால் குறைவு குறைவுதான்.

ஒரே நிறச் சட்டைக்காரர்களில் ஒருவன், "வழியில தேத்தண்ணி போட்டுக் குடிச்சிட்டியா தம்பி?" என்று கேட்டான்.

"கொழுந்து இறங்கி நடந்து போயிருச்சுலா" என்றான் இன்னொருவன். கூட்டம் சிரித்தது.

நீங்கள் வந்து காகிதத்தைப் பார்த்து, தம்பி ஓடியது செல்லாது என்றீர்கள். "ரூலு எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. நான் என்ன செய்ய முடியும்?" என்றீர்கள்.

"ரூல எழுதுனதே நீங்கதானே?" என்றேன்.

"கோவப்படாதீங்கம்மா, அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

ஈப்போ வேலை வொர்க்‌ஷாப் ஜீப் ஓட்டியவனுக்குப் போனது. அவனும் நல்ல ஓட்டுநர்தான், பொய் சொல்ல மாட்டேன்.

கூட்டம் கலைந்த பிறகு தம்பி என் கையைப் பிடித்து இழுத்துப் போனான். வொர்க்‌ஷாப் ஜீப்பின் பின்பக்கத்தைக் காட்டினான். பாரத்துக்காக ஓர் இரும்புப் பெட்டி, ஜீப்பின் அடித்தகட்டோடு சேர்த்து போல்ட் முடுக்கி, ஜீப்பின் அதே பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தது.

"போல்ட்டப் பாருக்கா. துரு."

எங்கள் மலையில் ஈரம் அதிகம், துரு சீக்கிரம் பிடிக்கும். ஆனால் ஒரே ராத்திரியில் பிடிக்காது. பெட்டியின் அடியில் பழைய சேறு காய்ந்து வெடித்திருந்தது. மூன்று ஜீப்பிலும் அதே மாதிரி பெட்டி.

தம்பி இன்றுவரை அதிகம் பேசுவதில்லை. ஜீப்பை விற்றுவிட்டான். தோட்ட வேலையையும் விட்டுவிட்டு, லெம்பா பெர்த்தாம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறான். வீட்டுக்கு வந்தால் டிவியில் கார் பந்தயம் ஓடினாலும் எழுந்து போய்விடுகிறான். கொழுந்து கட்டச் சொன்ன என் வீட்டுக்காரர் அவன் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள், குழம்பை என்னிடம் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

இந்த வருஷம் பந்தயத்துக்கு வந்தவை வொர்க்‌ஷாப்காரரின் மூன்று ஜீப்புகள் மட்டும். நீங்கள் மேடையேறி, போட்டி இப்போதுதான் சமமாக இருக்கிறது என்று பேசினீர்கள். கைதட்ட ஆள் இல்லை.

தானா ராத்தா மண்டபத்தில் பரிசளிப்பு விழா வரப்போகிறது. நானும் வருவேன். எடை விதியை வொர்க்‌ஷாப்காரரிடம் எந்தத் தேதியில் சொன்னீர்கள்? என் கடைக்கு வந்து காதோடு சொல்ல வேண்டாம், கேட்க மாட்டேன். அதே மைக்கில், எல்லாருக்கும் முன்னால், என் தம்பி உட்கார்ந்து கேட்கும்படி அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.