பின்சீட்டுக்கு அடியில் ஒரு முனகல்

வண்டிக் கோளாறை ஆட்கள் சொல்லும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். "புது மாப்ள கணக்கா முறுக்கிட்டு நிக்கி" என்பார் ஒருவர். "தண்ணி கேக்குத பிள்ள மாதிரி இழுக்கு" என்பார் இன்னொருவர். நான் எங்கும் போய்ப் படித்தவனில்லை. தாராவியில் கடை போட்டு, இவர்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டே கார் வயரிங் பழகிக்கொண்டேன்.

போன மே மாதம் நல்ல வெயிலில் ஓர் அண்ணாச்சி பழைய காரைத் தள்ளிக்கொண்டு வந்தார். காலையிலிருந்து கடைச் சரக்குக்கு ஓடிய வண்டி. மனைவியை ஏற்றிக்கொண்டு கிளம்பியவர், என் கடைக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டார். அவர் மனைவிக்கு, எனக்கு மதினி முறை, செம்பூரில் டயாலிசிஸ். பிந்தினால் மெஷினை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆட்டோ பிடித்துத் தரவா என்றேன். போனமுறை ஆட்டோவில் குலுங்கி மயங்கிவிட்டாராம். படுத்தபடி போக இந்தப் பின்சீட்டுதான் சரிப்படும்.

ஏற்கெனவே இரண்டு மெக்கானிக்கிடம் காட்டியிருந்தார். அங்கே போய்ச் சேருவதற்குள் வண்டி ஆறி, சாவியைத் திருப்பியதுமே கிளம்பிவிடும். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவர் சொல்லி முடித்ததும் நான் பின்சீட்டைப் பார்த்து, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று மதினியிடம் கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும் தம்பி" என்றவர், கொஞ்சம் யோசித்து, "சாவி போட்டதும் எனக்கு அடியில ஒண்ணு லேசா முனங்கும். அது முனங்கலன்னா வண்டி கெளம்பாது" என்றார்.

"இத்தன நாளா ஏன் சொல்லல?" என்றார் அண்ணாச்சி.

"நீங்க எப்பக் கேட்டிய?"

டாங்கிலிருந்து பெட்ரோலை ஏற்றிவிடும் பம்ப் அந்த சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. சாவியைப் போட்டுக் காதை வைத்தேன். சத்தமே இல்லை. பம்ப்புக்குப் போகும் வயரில் டெஸ்ட் லைட்டை வைத்தேன், எரியவில்லை. பம்ப் நன்றாகத்தான் இருக்க வேண்டும், அதற்குக் கரண்ட் வரவில்லை. பானட்டைத் திறந்து, அந்தக் கரண்டை விடும் சின்ன டப்பாவை, அதுதான் ரிலே, பிடுங்கினேன். கை சுட்டது. உள்ளே ஈயப்பற்று விட்டிருக்கும். சூட்டில் விரியும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். பிரித்துப் பற்றவைக்க நேரமில்லை. பக்கத்திலேயே ஹார்னுக்கு அதே மாதிரி ரிலே இருந்தது. அதை எடுத்து இதில் சொருகினேன்.

"முனங்குது தம்பி" என்றார் மதினி. வண்டி கிளம்பிவிட்டது.

ஹார்ன் இனி அடிக்காது என்றதும் அண்ணாச்சியின் முகம் தொங்கிப்போயிற்று. சயான் நெரிசலில் ஹார்ன் இல்லாமல் எப்படிப் போவது?

"அதான் நீங்க இருக்கியள்லா" என்றார் மதினி, கண்ணை மூடிக்கொண்டு.

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "பாஜூ, பாஜூ" என்று வழி விடச் சொல்லிக் கத்திக்கொண்டே போனார் மனுஷன். கொஞ்ச நேரத்தில் செம்பூரிலிருந்து போன் வந்தது. மதினிக்கு மெஷின் கிடைத்துவிட்டதாம். அண்ணாச்சி சொன்னது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. வழியெல்லாம் கத்தி அவர் தொண்டை அப்படிக் கட்டியிருந்தது.