வாணியின் மரம்

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். ஓட்டிசம் உள்ள தங்கச்சி வாணியைப் பார்த்துக்கொள்பவளும் நான்தான் என்று பெருமையாகச் சொல்வேன். யாராவது தொட்டுக் கொஞ்ச வந்தால் அவள் அலறிக்கொண்டு வீட்டு வளவில் நின்ற மரமுந்திரிகை மரத்தில் ஏறிவிடுவாள். "குரங்குக்குட்டி" என்று சிரிப்பா பக்கத்து வீட்டு மாமி.

சுனாமி அன்று எங்கள் ஊரான மாங்கேணிக்குள் கடல் புகுந்தபோது, வாணியின் பின்னால் நானும் அந்த மரத்தில் ஏறினேன். கீழே கழுத்தளவு தண்ணீரில் மாமி கைக்குழந்தையை உயர்த்திப் பிடித்தபடி, "புள்ளையப் புடி மகள்!" என்று என்னைப் பார்த்துக் கத்தினா. கிளையைப் பிடித்த கையை என்னால் எடுக்க முடியவில்லை. வாணிதான் குனிந்து வாங்கினாள். குழந்தை அவள் கழுத்தை இறுக்கிக்கொண்டது. கண்ணை மூடி நடுங்கினாள், விடவில்லை. மாமியைத் தண்ணீர் கொண்டுபோனது.

வெள்ளம் வடிந்ததும், "தா, நான் வச்சிருக்கிறன்" என்றேன்.

"வேணாம். என்னால ஏலும்" என்றாள், தனக்கே சொல்வதுபோல.

அதன் பிறகு, அவளைப் பார்த்துக்கொள்பவள் நான் என்று எவரிடமும் நான் சொன்னதில்லை.