சீக்கிரம் குளிர்ந்த தொட்டி

தம்பி கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. தலைமை அலுவலகத்தில் பெரிய வேலை. வாசலில் நின்று, "வரேன்க்கா" என்றான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துணியை உதறிக் கொடியில் போட்ட வேகத்தில் கிளிப் தெறித்து விழுந்தது.

ஆலையில் அவளைத் தொட்டிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பாக்சைட் கல்லை அரைத்துக் கொதிக்கும் காஸ்டிக் சோடாவில் கரைப்பார்கள். கரையாத சிவப்புச் சேற்றை ஒதுக்கிவிட்டு, தெளிந்த கரைசலை அவளுடைய தொட்டிகளுக்கு அனுப்புவார்கள். அதில் பழைய அலுமினியம் ஹைட்ராக்சைடுப் பொடியை விதையாகத் தூவி, மெல்ல ஆறவிடுவாள். விதையைப் பிடித்துக்கொண்டு படிகம் வெள்ளை வெளேரென்று மணிமணியாக வளரும். அவசரப்பட்டுக் குளிரவைத்தால் போச்சு. மாவாகப் பொடிந்து வடிகட்டும் துணியை அடைத்துக்கொள்ளும்.

தம்பி புறப்படுவதற்கு முந்தின வாரம் அதே ஆலையில் ஷிப்ட் பொறுப்பு அவனிடம். கிளம்புவதற்குள் கூடுதல் உற்பத்தி காட்டிவிடும் பரபரப்பு அவனுக்கு. அக்கா சாப்பிடப் போன நேரத்தில் குளிர்நீர்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டான்.

"யாருடா திறந்தது?"

"கத்தாதக்கா. யாராவது கேக்கப்போறாங்க."

"கேக்கட்டும்டா! உனக்கு அவசரம்னா ஓடிப்போய் பஸ்ஸைப் பிடி. தொட்டியை ஏன் விரட்டுற?"

தொட்டி முழுக்க மாவாகி, வடிகட்டும் துணி அடைத்துக்கொண்டது. மேலாளர் விசாரித்தபோது தம்பி தரையைப் பார்த்தான். "தொட்டியை அக்காதான் பார்த்துக்கிறாங்க, சார்."

அவள் நடந்ததைச் சொன்னாள். "கூடப்பிறந்தவன் மேலேயே பழி போடுறியாம்மா?" என்றார் மேலாளர். மறுநாளே அவளைச் சேற்றுக் குளத்துக்கு மாற்றினார்கள். தம்பி பொய்யாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பதுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

குளத்தங்கரையில் சிவப்புச் சேற்றைக் குழாய்த் தண்ணீரால் தள்ளுவதுதான் இப்போது வேலை.

"வயிறு எரியுதாக்கா? நம்ம பொடியையே ஒரு பிடி போட்டுக்குங்க. நெஞ்செரிச்சல் மாத்திரையில அதுதானே இருக்கு" என்றாள் கூட நின்றவள்.

"எனக்கு ஒரு லாரி வேணும்டி."

அம்மா போனில் கெஞ்சுவாள். "உன் தம்பிதானே, விட்டுத் தொலையேன்."

"குழாயைத் திறந்தது நான்தான்னு ஒரு தடவை அவன் வாயால சொல்லட்டும்மா. அன்னைக்கே விட்டுடுறேன்."

அவன் சொல்லவில்லை. தொட்டிக்கு வேறு ஆள் வந்து, அந்தப் புது ஆளும் பழைய ஆளாகிவிட்டான். பல வருடங்களுக்குப் பிறகு ஒரு மத்தியானம், முழங்கால்வரை சிவந்த பூட்சோடு கரையில் நின்றபடி அவள் போனில் தம்பி அனுப்பியிருந்த செய்தியைத் திறந்தாள்.

"அக்கா, இங்க புது ஆலை தொடங்குறோம். தொட்டிக்கு உன்னை மாதிரி ஆள் கிடைக்கல. நீ வர்றேன்னு சொல்லு, அன்னைக்கு குழாயைத் திறந்தது நான்தான்னு மேலாளர்கிட்ட சொல்லிடுறேன்."