வலது பொத்தானும் கீழ்ப் பொத்தானும்

எங்கள் தாமுவே பேட்டையில் வீடியோ கேம் கடை என்றால் அப்போது என் கடையைத்தான் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டவன் நான். ஆனாலும் கப்பல்காரர்கள் ஜப்பானிலிருந்து கொண்டுவந்த மெஷின்களில் எந்த வரியில் என்ன இருக்கிறது என்று அமுக்கி அமுக்கியே மனப்பாடம் செய்தேன். திரையில் இருப்பது ஜப்பான் எழுத்து. கல்லூரிக்குப் போனவனுக்கும் புரியாது. என்னிடம்தான் வந்து கேட்பான். வலது பக்கம் வட்டம் போட்ட பொத்தான் ‘சரி’. கீழே பெருக்கல் குறி போட்டது ‘வேண்டாம்’. இந்த வட்டாரத்துக்கே அதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

பிறகு அந்த மெஷின்களைச் செய்யும் ஜப்பான் கம்பெனிக்குச் சொந்த ஊர்க்காரன் அலுத்துப்போனான் போலிருக்கிறது, உலகம் முழுவதையும் பார்க்க ஆரம்பித்தது. வெளிநாட்டுக்கென்று செய்த மெஷின்களில் எல்லாம் இங்கிலீஷ். பெருக்கல் குறி ‘சரி’ ஆனது, வட்டம் ‘வேண்டாம்’ ஆனது. என் மனைவியின் தம்பி அந்த மெஷின்களை வாங்கிப்போட்டு எங்கள் தெருமுனையிலேயே கடை திறந்தான். என் ஆட்கள் ஒவ்வொருவராக அங்கே நழுவினார்கள்.

எனக்கு உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் தெருமுனை வரை நடக்கத் தோன்றும். மிச்சம் இருந்தவர் ஒரு பஸ் டிரைவர். அவர் போனால் அவர் லைனில் ஓடும் டிரைவர்கள் எல்லாரும் போய்விடுவார்கள், பிறகு கடையை மூட வேண்டியதுதான். நானும் ஒரு புது மெஷின் வாங்கினேன்.

டிரைவர் பழக்கத்தில் வட்டத்தை அமுக்கினார். திரை பின்னால் போனது. மறுபடி அமுக்கினார். மறுபடியும் பின்னால்.

“அண்ணே, உள்ளயே விடமாட்டேங்குதே இந்தச் சனியன்!”

விடுவேனா? கன்ட்ரோலரைப் பிரித்து, இரண்டு பொத்தானின் இணைப்பையும் குறுக்கே மாற்றிப் பற்றவைத்தேன். வட்டம் மறுபடி ‘சரி’ ஆனது. கால்பந்து ஆட்டம் தொடங்கியதும் டிரைவர் கத்தினார்: “அண்ணே! பக்கத்துல குடுன்னா ஆகாயத்துல அடிக்கிறான்!” ஆட்டத்துக்குள் பந்தைத் தரையோடு தள்ளுவது எந்த மெஷினிலும் பெருக்கல் குறிதான். அதையும் சேர்த்து மாற்றிவிட்டிருந்தேன்.

வேடிக்கை பார்க்க வந்து நின்ற தெருமுனைக் கடை மச்சானுக்குச் சிரிப்பு. “என்ன மச்சான், கம்பெனிக்கே பாடம் எடுக்கிறீங்களா?”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா கம்பெனி இப்படிக் குழம்பியிருக்காதுடா.”

டிரைவர் கன்ட்ரோலரை வைத்துவிட்டு எழுந்தார். அவர் கண் தெருமுனைக்குப் போனது. நான் வாசலில் நின்ற அவருடைய பஸ்ஸைப் பார்த்தேன். அதுவும் ஜப்பானில் ஓட்டிக் கழித்துவிட்ட வண்டிதான். அங்கே வண்டி சாலையின் இடப்பக்கம் ஓடும்; இந்த நாட்டில் வலப்பக்கமாக ஓடுவதால் கதவை மட்டும் அந்தப் பக்கம் வெட்டி வைத்திருந்தார்கள். ஸ்டியரிங் இருந்த இடத்திலேயே இருந்தது.

“உட்காருய்யா,” என்றேன். “உன் வண்டியில கதவைத்தானே மாத்தினாங்க? ஸ்டியரிங்கைத் தொட்டாங்களா?”

கன்ட்ரோலரின் முதுகில் ஒரு சின்ன சுவிட்ச் வைத்தேன். உள்ளே நுழையும்போது ஒரு பக்கம் தள்ள வேண்டும், ஆட்டம் தொடங்கியதும் மறுபக்கம். டிரைவர் தள்ளிப் பார்த்தார். பந்து தரையோடு ஓடியது.

மச்சான் சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். கன்ட்ரோலரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“மச்சான், எனக்கும் ஒண்ணு வச்சுத் தருவீங்களா?”

“உன் ஆளுங்க பெருக்கல் குறிக்குப் பழகிட்டாங்களே, உனக்கெதுக்கு? போடா,” என்றேன். டிரைவர் அடுத்த ஆட்டத்துக்குச் சுவிட்சைத் தள்ளிக்கொண்டிருந்தார்.